ஹோமி பாபா: ஐந்து நிமிடப் பேச்சில் எதைச் சொல்வது, எதை விடுவது?

#1 ஆதம்பாக்கம் அப்பா

எல்லோருக்கும் வணக்கம். மகள் எட்டாம் வகுப்பு. பள்ளியில் பேச்சுப்போட்டி, ஐந்து நிமிடம். தலைப்பு: "இந்திய அணுசக்தியின் தந்தை ஹோமி பாபா". தயார் செய்ய ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பாதித் தாள் "மாமேதை", "தீர்க்கதரிசி" என்று போகிறது. மீதிப் பாதி விமான விபத்துச் சதி. நடுவில் அந்த மனிதர் என்ன செய்தார் என்பதைக் காணோம்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது கரண்ட் போய் வந்தது. அப்போது அவள் கேட்டாள்: "அப்பா, இவர் கட்டின கரண்ட் நம்ம வீட்டுக்கு வருதா?" எனக்குப் பதில் தெரியவில்லை. நான் வங்கி வேலைக்காரன். இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். அவளுக்கு என்ன சொல்லலாம்?

#2 சந்தேகப்பிராணி

சதியை மட்டும் விட்டுவிடாதீர்கள் சார். 1966 ஜனவரி 11, தாஷ்கண்டில் சாஸ்திரி. ஜனவரி 24, ஆல்ப்ஸ் மலையில் பாபா. இடையில் 13 நாள். இந்தியா குண்டு செய்யக் கூடாது என்று யார் நினைத்தார்களோ அவர்கள் வேலை. இதைச் சொன்னால்தான் கூட்டம் கைதட்டும்.

#3 சாக்பீஸ்

கைதட்டல் வரும், மதிப்பெண் வராது. நான் இயற்பியல் ஆசிரியை, இந்த மாதிரிப் போட்டிகளில் நடுவராக உட்கார்ந்து பழக்கம். ஒரே சதிக் கதையை வரிசையாக ஏழு பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அப்பா, முதலில் ஆளைச் சொல்லுங்கள். 1909 இல் பம்பாயில் பிறந்தவர், வசதியான பார்சி குடும்பம். அத்தை கணவர் டோராப்ஜி டாடா. பையன் கேம்பிரிட்ஜில் எஞ்சினியரிங் படித்து வந்து ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் உட்கார வேண்டும் என்பது வீட்டுத் திட்டம். அவர் எஞ்சினியரிங்கை முடித்துக் காட்டிவிட்டு இயற்பியல் பக்கம் தாவிவிட்டார். எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறுவதற்கு அவர் போட்ட கணக்கு இன்றும் "பாபா சிதறல்" என்றுதான் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் காற்றுமண்டலத்தில் மோதி மழை போல் துகள்களைக் கொட்டுவது எப்படி என்று 1937 இல் ஹைட்லருடன் சேர்ந்து விளக்கினார். (இவர் வால்டர் ஹைட்லர், இயற்பியலாளர். மற்றவர் இல்லை. வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் இந்தச் சிரிப்பு வரும்.)

1939 இல் விடுமுறைக்கு ஊர் வந்தார், யுத்தம் வெடித்தது, திரும்பிப் போக முடியவில்லை. பெங்களூரில் ராமன் இருந்த இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். யுத்தம் வராமல் இருந்திருந்தால் இந்தப் பேச்சுப்போட்டியே இருந்திருக்காது.

மகளிடம் ஒரு தேதியைக் கொடுங்கள்: 1944 மார்ச் 12. அன்றுதான் டாடா அறக்கட்டளைக்கு அவர் கடிதம் எழுதுகிறார், ஆராய்ச்சிக்கூடம் ஒன்று வேண்டும் என்று. இன்னும் இருபது வருஷம் போல ஆகும், அணுவிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்குவார்கள், அப்போது இந்தியா நிபுணர்களுக்காக வெளிநாட்டைப் பார்த்து நிற்கக் கூடாது, இங்கேயே தயாராக இருக்க வேண்டும் என்பது சாரம். ஹிரோஷிமாவுக்கு இன்னும் 17 மாதம் இருக்கிறது. அணுவுக்குள் அப்படி ஒரு சக்தி இருக்கிறது என்பதே உலகத்தில் பெரும்பாலோருக்குத் தெரியாத நேரம்.

#4 டவுன்ஷிப்வாசி

பாப்பா கேட்ட கேள்விக்கு நேரடிப் பதில்: வருகிறது. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் தயாராகும் மின்சாரம் தமிழ்நாட்டுக் கம்பிகளில்தான் கலக்கிறது. ஆனால் உங்கள் வீட்டு டியூப்லைட்டில் எந்த மினுக்கு பாபாவுடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. காற்றாலை, அனல், நீர் எல்லாம் ஒரே குழம்பு.

நான் கல்பாக்கத்தில் முப்பது சொச்சம் வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். பாபாவைப் பற்றி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே மூன்று நிலைத் திட்டத்தில் இருந்துதான். அதை எட்டாம் வகுப்புக்குச் சொல்வது சுலபம். தயிர் தோய்க்கிற கதை.

நம் நாட்டில் யுரேனியம் குறைவு, தோரியம் ஏராளம். ஆனால் தோரியம் பால் மாதிரி. எத்தனை குடம் பால் வைத்திருந்தாலும் உறை ஊற்றாமல் தயிர் ஆகாது. தோரியம் தானாகப் பிளக்காது. அதன் மேல் ஒரு நியூட்ரான் விழுந்து, அது சில வாரங்களில் யுரேனியம்-233 ஆக மாறினால்தான் எரிபொருள். அந்த நியூட்ரானை யார் கொடுப்பது? அதற்குத்தான் உறை.

முதல் நிலை: இயற்கை யுரேனியத்தைக் கனநீர் (கனமான ஹைட்ரஜன் உள்ள தண்ணீர்) உலையில் எரிப்பது. அதில் பிளக்கக்கூடிய யுரேனியம்-235 நூற்றுக்கு 0.7 பங்குதான். மீதியில் கொஞ்சம் புளுட்டோனியமாக மாறும். மின்சாரமும் கிடைக்கும், உறையும் கிடைக்கும். இரண்டாம் நிலை: அந்தப் புளுட்டோனியத்தை வேக ஈனுலையில் போட்டு, எரித்ததை விட அதிகமாக எரிபொருளை உண்டாக்குவது. அதாவது உறையைப் பெருக்குவது. போதுமான அளவு சேர்ந்த பிறகு சுற்றிலும் தோரியத்தை வைப்பது. மூன்றாம் நிலை: தோரியமும் யுரேனியம்-233 உம் சேர்ந்து ஓடும் உலை. இன்றைய தயிரே நாளைய பாலுக்கு உறை.

1954 இல் டெல்லி மாநாட்டில் இதை அவர் விவரிக்கும்போது நம்மிடம் ஒரு உலை கூடக் கிடையாது. முதல் உலையான அப்சரா பம்பாய் டிராம்பேயில் உயிர் பெற்றதே 1956 ஆகஸ்ட் 4 இல்தான். அதற்கும் எரிபொருள் இங்கிலாந்திலிருந்து வந்தது. கையில் ஒரு சொம்பு கூட இல்லாதபோது மூன்று தலைமுறைக்குப் பால் கணக்கு போட்டவர்.

#5 கணக்குப்பிள்ளை

உறை உவமை ருசியாக இருக்கிறது. ஆனால் பந்தியில் தயிர் எங்கே ஐயா?

அறுபதுகளின் தொடக்கத்தில் பாபா சொன்னது: 1987க்குள் 20,000 முதல் 25,000 மெகாவாட். அவருக்குப் பின் வந்த விக்ரம் சாராபாய் சொன்னது: 2000க்குள் 43,500. 2000 ஆம் ஆண்டு வந்தபோது கையில் இருந்தது மூவாயிரம் மெகாவாட்டுக்கும் கீழே. இப்போதும் எட்டாயிரத்துச் சொச்சம்தான், நாட்டின் மின்சாரத்தில் சுமார் 3 சதவீதம். இதே நேரத்தில் சூரிய மின்சக்தி 2025 தொடக்கத்தில் 1,00,000 மெகாவாட் திறனைத் தாண்டிவிட்டது. சூரியன் ராத்திரி வேலை செய்யாது, தெரியும், திறனையும் உற்பத்தியையும் ஒப்பிடக் கூடாது என்று யாராவது வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அந்தக் கழிவு போட்டாலும் இடைவெளி இடைவெளிதான்.

1955 இல் ஜெனீவாவில் ஐ.நா. அணுசக்தி மாநாட்டுக்கு பாபா தலைவர். அங்கே தலைமையுரையில், இருபது ஆண்டுகளுக்குள் அணுக்கரு இணைவையும் (சூரியனுக்குள் நடப்பது) கட்டுக்குள் கொண்டுவரும் வழி கிடைத்துவிடும் என்றார். எழுபது ஆண்டு ஆகிறது. நம் வீட்டில் யாராவது இப்படித் தேதி சொல்லித் தவறினால் அவர் பேச்சை அடுத்த முறை எடுப்போமா?

பேச்சில் 3 சதவீதத்தைச் சொல்லாமல் "தந்தை" என்று முடித்தால் அது விளம்பரம்.

#6 டவுன்ஷிப்வாசி

கணக்குப்பிள்ளை சார், எண்களில் தவறில்லை. எண்களுக்குப் பின்னால் இருந்ததையும் வையுங்கள்.

ராஜஸ்தான் உலைகளைக் கனடாவோடு சேர்ந்து கட்டிக்கொண்டிருந்தோம். 1974 மே 18 பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை. கனடா பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. ராஜஸ்தான் இரண்டாம் உலையை நம் ஆட்களே முடிக்க 1981 ஆனது. பம்பு, வால்வு, கருவி என்று ஒன்றையும் யாரும் விற்க மாட்டார்கள். அந்தச் சூழலில் 1983 இல் கல்பாக்கம் முதல் உலை ஓடியது, நம் ஆட்களே வடிவமைத்து நம் ஆலைகளில் செய்தது.

சோதனை ஈனுலைக்கு எரிபொருள் கிடைக்காமல் போனதுதான் எனக்குப் பிடித்த கதை. பிரெஞ்சு வடிவத்தைப் பின்பற்றிக் கட்டிய உலை அது. அதற்குத் திட்டமிட்ட எரிபொருளுக்குச் செறிவூட்டிய யுரேனியம், அதாவது யுரேனியம்-235 பங்கைக் கூட்டியது, வேண்டும். யாரும் தரவில்லை. சரி, இருக்கிற புளுட்டோனியத்தை வைத்து என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து, உலகில் வேறு எவரும் ஒரு உலையை முழுதாக ஓட்டிப் பார்த்திராத கலவைக் கார்பைடு எரிபொருளைச் செய்தார்கள். காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும் சரக்கு. 1985 அக்டோபரில் அதை வைத்தே உலை இயங்கியது. கையில் இருக்கிற சாமானை வைத்துச் சமைக்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? 1957 இல் டிராம்பேயில் அவர் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில் இருந்து. ஒவ்வொரு வருஷமும் பட்டதாரிகளை எடுத்து ஒரு வருஷம் பிழிந்து அனுப்புவார்கள்.

#7 கணக்குப்பிள்ளை

பெட்டியைக் கட்டிக்கொண்டு கனடா ஏன் போனது என்பதையும் சொல்லுங்கள். 1960 இல் ஓடத் தொடங்கிய சைரஸ் உலை கனடா கொடுத்தது, அதற்குக் கனநீர் அமெரிக்கா கொடுத்தது, அமைதிப் பயன்பாட்டுக்கு என்று வாக்குக் கொடுத்து வாங்கியது. 1974 சோதனையின் புளுட்டோனியம் அதிலிருந்து வந்தது. தடை வானத்திலிருந்து விழவில்லை.

குண்டு பாபாவுக்குப் பிறகு வந்த வேலை என்று தள்ளவும் முடியாது. 1964 அக்டோபர் 16 சீனா வெடித்தது. 24 ஆம் தேதி பாபா ஆகாஷ்வாணியில் பேசினார். அமெரிக்கர்கள் வெளியிட்ட விலையை எடுத்துக்கொண்டு, ஐம்பது அணுகுண்டு வைத்திருக்கப் பத்து கோடி ரூபாய்க்குள்தான் ஆகும் என்று கணக்குச் சொன்னார். அதே பேச்சில் உலக ஆயுதக் குறைப்பையும் கேட்டார், அது வேறு. மின்சாரம், குண்டு இரண்டுக்கும் ஒரே கதவு வைத்துக் கட்டிய வீடு அது. ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கம் ஆடும். உங்கள் தயிரைக் கெடுத்தது அதே உறைதான் ஐயா.

இன்னொன்று. சொந்த யுரேனியம், சொந்தத் தோரியம் என்று திட்டம் போட்டவர், முதல் மின் நிலையமாக தாராப்பூரில் எதை வாங்கினார்? அமெரிக்கக் கம்பெனியின் உலை, செறிவூட்டிய யுரேனியத்தில் ஓடுவது. 1969 இல் அதுதான் முதலில் மின்சாரம் கொடுத்தது. மூன்று நிலையில் அது எந்த நிலை?

#8 டவுன்ஷிப்வாசி

எந்த நிலையும் இல்லை. அணு மின்சாரம் இங்கே நடக்கும் என்று சீக்கிரம் காட்ட வேண்டியிருந்தது. கூடங்குளமும் அப்படித்தான், ரஷ்ய உலை, மூன்று நிலைக்கு வெளியே. இதை நான் மறுக்கவில்லை.

#9 குறிச்சிக்காரன்

பால் பால் என்று பேசுகிறீர்களே, அந்தப் பால் எங்கள் ஊரில்தான் கிடக்கிறது. நான் கன்னியாகுமரி மாவட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கம்.

எங்கள் கடற்கரை மணல் கறுப்பு. அலை ஒதுக்கிவிட்டுப் போனால் கறுப்பும் செம்பழுப்புமாக வரி வரியாக நிற்கும். இல்மனைட், கார்னெட், சிர்கான், அப்புறம் மஞ்சள் பழுப்பில் மோனசைட். அந்த மோனசைட்டில் நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பங்கு தோரியம் ஆக்சைடு.

இதைக் கண்டுபிடித்தது பாபா இல்லை. ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர். திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்துப் பார்த்துவிட்டு இங்கே வந்து ஆலை போட்டார். வருஷம் 1909, பாபா பிறந்த அதே வருஷம். அவர்களுக்கு எதற்குத் தோரியம்? கேஸ் விளக்கு மேன்டிலுக்கு. பெட்ரோமாக்ஸ் விளக்கில் வெள்ளைச் சாக்குப் பை மாதிரித் தொங்கும் அல்லவா, அது வெள்ளை வெளேரென்று எரிந்ததற்குக் காரணமே தோரியம் ஆக்சைடு. ஆக, ஐரோப்பாவின் தெருக்களுக்கு எங்கள் மணல் விளக்கேற்றிவிட்டது. எங்கள் தாத்தா கல்யாணத்துக்கும் அதே மேன்டில்தான் எரிந்திருக்கும். தோரியம் வெளிச்சம் தருமா என்று இனிமேல் ஆராய வேண்டியதில்லை!

பாபா செய்தது, அந்த மணல் கப்பலேறுவதை நிறுத்தியது. சுதந்திரம் வந்ததும் மோனசைட் ஏற்றுமதிக்குத் தடை, 1950 இல் இந்திய அருமண் நிறுவனம், ஆலுவாவில் ஆலை. இதை அவருடைய பெரிய காரியங்களில் ஒன்றாக நான் எண்ணுகிறேன். விற்றிருந்தால் கொஞ்சம் டாலர் வந்திருக்கும், போயிருக்கும்.

ஆனால் எழுபது வருஷமாக எங்களிடம் "இது நாட்டின் எதிர்காலம்" என்கிறார்கள். மணலை அள்ளுகிறார்கள், மற்ற தாதுக்கள் வியாபாரத்துக்குப் போகின்றன, தோரியம் பத்திரமாகச் சேமிப்பில் இருக்கிறது. எதிர்காலம் வந்தபாடில்லை. புதிதாக ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் அள்ளப் போகிறோம் என்று 2024 இல் செய்தி வந்தபோது கரையோரக் கிராமங்கள் கொதித்தன. இந்த மண்ணில் இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம், அதனால் நோய் வருகிறதா என்று ஊரில் ஒவ்வொரு புற்றுநோய்ச் சாவின்போதும் பேச்சு எழும். கேரளத்தில் கருநாகப்பள்ளியில் பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கானோரைத் தொடர்ந்து பார்த்து, இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்றார்கள். அதை எங்கள் ஊரில் வந்து, உட்கார்ந்து, தமிழில் சொன்னவர் யாரும் இல்லை. அதனால் பேச்சு நிற்கவில்லை.

பாப்பாவிடம் மேன்டில் கதையைச் சொல்லச் சொல்லுங்கள்.

#10 ஆதம்பாக்கம் அப்பா

மேன்டில் கதை கேட்டு வீட்டில் எல்லோரும் வாயைப் பிளந்தோம். என் அம்மா "அதை நான் கையாலேயே கட்டியிருக்கேனே" என்கிறாள்!

#11 சந்தேகப்பிராணி

எல்லாம் சரி, சதியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு சி.ஐ.ஏ. அதிகாரியே ஒப்புக்கொண்டதாக எல்லா யூடியூபிலும் இருக்கிறது.

#12 சாக்பீஸ்

திறக்கிறேன். அந்த "ஒப்புக்கொண்டார்" என்பது அந்த அதிகாரி இறந்த பிறகு வேறொருவர் வெளியிட்ட தொலைபேசி உரையாடல் என்ற பெயரில் வந்தது. ஒலிப்பதிவு இல்லை, ஆவணம் இல்லை.

விபத்தில் தெரிந்தவை இவை. ஏர் இந்தியா 101, போயிங் 707, பெயர் கஞ்சன்ஜங்கா. பாபா வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகமையின் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். பெய்ரூட்டிலிருந்து ஜெனீவா நோக்கி இறங்கும்போது விமானத்தின் வழிகாட்டி ரேடியோ இரண்டில் ஒன்று வேலை செய்யவில்லை. ராடாரில் பார்த்துக்கொண்டிருந்த கட்டுப்பாட்டாளர், மோன் பிளாங்கிலிருந்து இத்தனை மைல் என்று தகவல் சொன்னார். மலையைத் தாண்டிவிட்டோம் என்று விமானி புரிந்துகொண்டு இறங்கினார். மலை இன்னும் முன்னால் இருந்தது. 117 பேர். பிரெஞ்சு விசாரணை சொன்னது இதுதான். அதே மலையில் 1950 நவம்பரில் ஏர் இந்தியாவின் மலபார் பிரின்சஸ் மோதி 48 பேர் இறந்திருக்கிறார்கள். அதற்கு யாரும் சதி சொல்வதில்லை, ஏனென்றால் அதில் பாபா இல்லை.

சதியை விட எனக்கு உறைப்பது வேறு. அந்தப் பனிப்பாறை மெதுவாக நகர்ந்து, விழுங்கியதை ஒவ்வொன்றாகத் துப்புகிறது. 2012 இல் வெளியுறவுத் துறையின் தபால் பை வந்தது. 2020 இல் இந்தியச் செய்தித்தாள்கள், ஈரத்தோடு, வாசிக்கும் நிலையில். இந்திரா காந்தி பிரதமராகிறார் என்ற தலைப்புச் செய்தியோடு. விமானம் விழுந்த அந்த 24 ஆம் தேதிதான் அவர் பதவியேற்றார்.

#13 நெறியாளர்

விபத்து பற்றிய விவாதம் இத்துடன் போதும். வேண்டுமானால் தனி இழை தொடங்கலாம். சந்தேகப்பிராணி, காணொளி இணைப்புகளை நீக்கியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

#14 முத்தோரை

ஊட்டியிலிருந்து எழுதுகிறேன். மின்சாரக் கணக்கை மட்டும் வைத்து பாபாவை அளக்கிறீர்களே என்று தோன்றியது.

எங்கள் ஊர் முத்தோரையில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி படுத்திருக்கிறது. சரிவின் சாய்வும் ஊரின் அட்சரேகையும் ஒன்று, பதினோரு டிகிரி போல. அதனால் அந்தக் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். மலையையே கருவியின் ஒரு பாகமாக்கிய யோசனை, கோவிந்த் ஸ்வரூப்புடையது.

அவர் எப்படி இங்கே வந்தார்? 1961 இல் வெளிநாட்டில் இருந்த நான்கு இளம் ரேடியோ வானியலாளர்கள் இந்தியாவுக்குக் கடிதம் எழுதினார்கள், நாங்கள் திரும்பி வந்து ஒரு குழு அமைக்கலாமா என்று. பல நிறுவனங்களுக்கு எழுதியதில் பாபாவிடமிருந்து தந்தி வந்தது: குழு அமைக்க முடிவு செய்துவிட்டோம், விவரக் கடிதம் பின்னால் வருகிறது. கமிட்டி இல்லை, கோப்பு இல்லை. தொலைநோக்கி 1970 இல் முடிந்தபோது பாபா இறந்து நான்கு வருஷம். ஆட்களைப் பார்த்து அவர்களைச் சுற்றி நிறுவனம் கட்டுவது அவர் பாணி. கட்டிடம் கட்டிவிட்டு ஆள் தேடுவது நம் வழக்கம்.

விண்வெளித் திட்டமும் அணுசக்தித் துறைக்குள் ஒரு குழுவாகத்தான் 1962 இல் பிறந்தது. கோலார் தங்கச் சுரங்கத்தின் அடியில் நியூட்ரினோ பிடித்தது, ஹைதராபாத்தில் மின்னணு நிறுவனம் வந்தது, எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்.

#15 கணக்குப்பிள்ளை

தந்தி கதை அழகு. அதே தந்தி கிடைக்காதவர்கள் கதையும் உண்டு.

மேக்நாத் சாஹா. வானியலில் இவரை விடப் பெரிய பெயர், ஏழை வீட்டுப் பிள்ளை. 1952 இல் சுயேச்சையாக நின்று மக்களவைக்குப் போனார். 1954 மே மாதம் அவையில் எழுந்து, அணுசக்திச் சட்டத்தின் ரகசியத் திரையை எடுங்கள், பல்கலைக்கழகங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வாதாடினார். அதே ஆண்டு ஆகஸ்டில் அணுசக்தித் துறை உருவானது, செயலாளர் பாபா, நேரே பிரதமரிடம். இடையில் அமைச்சர் இல்லை, நிதித் துறையின் பிடி தளர்வு, தலைமையகம் டெல்லியில் கூட இல்லை, பம்பாயில். 1948 இல் தொடங்கிய முதல் அணுசக்தி ஆணையமே மூன்று பேர்: பாபா, பட்நாகர், நம் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து கே.எஸ். கிருஷ்ணன்.

டி.டி. கோசாம்பி என்ற கணிதக்காரரை பாபாவே தன் நிறுவனத்துக்கு அழைத்து வந்தார். அவர் சொன்னது, வெயில் கொட்டுகிற நாட்டுக்குச் சூரிய சக்திதான் பொருத்தம் என்று. 1962 இல் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. சூரிய சக்தி பேசியதால்தான் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்குப் பல காரணம். ஆனால் வீட்டுக்குள் எதிர்க்கேள்வி கேட்ட குரல் ஒன்று குறைந்தது.

முத்தோரை சொல்கிற "கமிட்டி இல்லை, கோப்பு இல்லை" என்பதன் மறுபக்கம் இது. பாபா இருந்தவரை அந்த வேகம் வரம். அவர் போன பிறகு, கேள்வி கேட்க ஆள் இல்லாத அமைப்பு மட்டும் மிஞ்சியது. 25,000 சொல்லி 3,000 வந்தபோது யார் யாரைக் கேட்டார்கள்? நான் பாபாவைக் குறை சொல்வது எண் தவறியதற்காக இல்லை. தவறினால் கேட்க முடியாதபடி கட்டிவிட்டுப் போனதற்காக.

#16 சாக்பீஸ்

இங்கே மட்டும் கணக்குப்பிள்ளையோடு கை கோர்க்கிறேன். நான் எம்.எஸ்சி. படித்த கல்லூரியில் கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவி ஒன்று கண்ணாடி அலமாரியில் இருந்தது. பூட்டுக்குச் சாவி இருந்த உதவியாளர் ஓய்வு பெற்றுவிட்டார். இரண்டு வருஷமும் அதைக் கண்ணாடி வழியே பார்த்தே "செய்முறை" எழுதினோம். அதே சமயம் பம்பாயில் கடலோரத்தில், சுவரில் ஹுசைன் ஓவியம், மரத்தை வெட்டாமல் வேரோடு பெயர்த்து நட்ட தோட்டம் என்று பாபாவின் ஆராய்ச்சிக்கூடம். கெட்டிக்காரர்கள் எல்லாம் அங்கே போனார்கள், எங்களுக்குப் பாடம் எடுக்க யாரும் மிஞ்சவில்லை. ஆராய்ச்சி ஒரு வீட்டில், மாணவர் இன்னொரு வீட்டில் என்ற பிரிவினை அப்போது தொடங்கியது.

ஆனாலும் அந்த ஓவியம், அந்தத் தோட்டம் மீது எனக்குக் கோபம் வரவில்லை. பாபாவே படம் வரைவார், மேற்கத்திய இசைப் பைத்தியம். ராமன் அவரை லியோனார்டோ டா வின்சியோடு ஒப்பிட்டார், ராமன் லேசில் யாரையும் புகழ்கிறவர் இல்லை. அழகில்லாத இடத்தில் நல்ல அறிவியல் வராது என்பது போல நடந்துகொண்டார். அவர் வாழ்ந்த மலபார் ஹில் வீட்டை 2014 இல் 372 கோடிக்கு ஏலம் விட்டு, 2016 இல் இடித்தார்கள். நினைவில்லமாக்குங்கள் என்று விஞ்ஞானிகள் கேட்டுப் பார்த்தார்கள். மரத்தையே வெட்ட விடாதவர் வீடு.

#17 டவுன்ஷிப்வாசி

இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். கணக்குப்பிள்ளை சொன்னது உள்ளே வேலை பார்த்தவனுக்குக் கொஞ்சம் சுடும்.

கேள்வி கேட்பது பற்றி: அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வந்ததே 1983 இல். அதுவும் அணுசக்தி ஆணையத்துக்குக் கீழே. வீட்டுக் கணக்கை வீட்டுக்காரரே தணிக்கை செய்வது போல. தலைமைத் தணிக்கையாளர் 2012 இல் இதையே எழுதினார். நான் பார்த்தவரை என்னோடு வேலை செய்தவர்கள் பாதுகாப்பில் கறாரானவர்கள். ஆனால் "எங்களை நம்புங்கள்" என்பது வெளியில் நிற்பவருக்குப் பதில் ஆகாது. இடிந்தகரையில் ஜனங்கள் மணலில் உட்கார்ந்தபோது நம்மிடம் பதில் இருந்தது, பேசும் பழக்கம்தான் இல்லை. குறிச்சிக்காரர் சொன்ன "தமிழில் வந்து சொல்லவில்லை" என்பதும் அதே.

இரண்டாம் நிலை பற்றி. 500 மெகாவாட் ஈனுலைக்கு 2004 இல் வேலை தொடங்கியது. அந்த டிசம்பர் 26 சுனாமியில் தோண்டிய குழிக்குள் கடல் வந்து நின்றது. 2010 இல் முடியும் என்றார்கள், 3,492 கோடி என்றார்கள். தொகை 5,677 கோடிக்கு மேல் போனது. உலைக்குள் எரிபொருள் ஏற்றும் (கோர் லோடிங்) தொடக்க விழா நடந்தது 2024 மார்ச்சில். நான் வேலையில் இருக்கும்போதே பார்த்துவிடலாம் என்று நினைத்தேன், பேரனுக்குக் காதுகுத்து முடிந்துவிட்டது. பிரான்ஸ் தன் பெரிய ஈனுலையை மூடிவிட்டது, ஜப்பானும் சோடியம் (ஈனுலையைக் குளிர்விக்க ஓடும் திரவ உலோகம்) கசிந்த தன் உலையை மூடிவிட்டது. ரஷ்யா ஓட்டுகிறது. சோடியம் விளையாட்டுச் சாமான் இல்லை.

2008க்குப் பிறகு வெளிநாட்டு யுரேனியம் வாங்க வழி திறந்துவிட்டது. "நம்மிடம் யுரேனியம் இல்லை, ஆகவே தோரியம்" என்ற பாபாவின் முதல் வரியே இன்று தளர்ந்திருக்கிறது. இளம் ஆட்கள் என்னிடம் கேட்பார்கள், பின் எதற்கு இத்தனை பாடு என்று. நான் 1974 ஐச் சொல்வேன். வாங்கித் தின்பவனுக்குக் கடைக்காரன் எப்போது கதவடைப்பான் என்று தெரியாது. இந்த வாதம் போதுமா? எனக்கே சில நாள் போதும், சில நாள் போதாது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். கல்பாக்கத்தில் காமினி என்று சின்ன உலை ஒன்று, 1996 இலிருந்து. முப்பது கிலோவாட், ஒரு மாவு மில் மோட்டார் அளவுதான் சக்தி. அதன் எரிபொருள் யுரேனியம்-233, தோரியத்திலிருந்து எடுத்தது. மூன்றாம் நிலையில் இன்றுவரை நம் கண்ணால் பார்க்க முடிகிற தயிர் அந்த ஒரு கரண்டிதான்.

#18 குறிச்சிக்காரன்

அந்த ஒரு கரண்டியிலும் எங்கள் மணல் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

#19 ஆதம்பாக்கம் அப்பா

போட்டி இன்று முடிந்தது. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

உங்கள் எல்லோருடைய பதிவையும் அவளே வாசித்தாள். என்னை எழுத விடவில்லை. "தந்தை" என்ற சொல்லை எடுத்துவிட்டாள், "அப்பான்னா தப்பு சொல்ல முடியாதுல்ல" என்றாள். பெட்ரோமாக்ஸ் மேன்டிலில் தொடங்கினாள், சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. 1944 கடிதம், அப்சரா, பால், உறை எல்லாம் வந்தது. 3 சதவீதத்தைச் சொன்னாள். சாஹா கேட்டதைச் சொன்னாள். இரண்டாம் நிலைக்கு வந்து சோடியம் பற்றி விளக்கத் தொடங்கினாள், ஐந்து நிமிடம் ஆகி மணி அடித்துவிட்டது. மூன்றாம் நிலைக்குப் போகவே இல்லை.

மூன்றாம் பரிசு. முதல் பரிசு சதிக் கதைக்கு.

#20 சந்தேகப்பிராணி

சொன்னேனா இல்லையா!

#21 குறிச்சிக்காரன்

மூன்றாம் நிலை போனாலும் மூன்றாம் பரிசு வந்ததே! பாப்பாவுக்கு என் பரிசு ஒன்று. அப்பாவின் பழைய தகரப் பெட்டியில் பிரிக்காத மேன்டில் ஒன்று அகப்பட்டது. எழுபதுகளில் வாங்கியதாக இருக்கும். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், பார்சலில் போடுகிறேன்.

#22 டவுன்ஷிப்வாசி

உறையைப் பிரிக்காமல் கண்ணாடிச் சட்டம் போட்டு வைக்கச் சொல்லுங்கள். பிரித்தால் தூள் பறக்கும், மூச்சில் போகக் கூடாது. தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பழைய மேன்டில் என்றால் உள்ளே இருப்பது நிஜத் தோரியம்.